மா சரிந்த பக்கம்

காகத்துறையில் தோசைமா சரிந்து பொங்கின கதையைச் சொல்லப் போனால் முதலில் அந்த ஊர் நிலத்தைப் பற்றிச் சொல்லவேணும், ஏனென்றால் அது நீங்களும் நானும் நடந்து பழகின நிலம் இல்லை. மேலே ஒரு முழம் மட்டும் கோடையில் இளகிச் சேறாகி மாரிக்குளிரில் இறுகும், அதற்குக் கீழே பல பனை ஆழத்துக்கு, எத்தனையோ ஆயிரம் வருசமாக ஒருநாளும் உருகாமல் கிடக்கிற உறைமண். கனடாவின் வடக்குத் தொங்கலில், அந்த உறைமண்ணில் மரக்கால்களை ஊன்றி, வீட்டுச் சூடு மண்ணில் படக்கூடாது, பட்டால் மண் உருகும், உருகினால் வீடு தாழும் என்று, வீட்டுக்கும் நிலத்துக்கும் நடுவில் ஒரு ஆள் தவழ்ந்து போகிற இடைவெளி விட்டு, அதற்குள்ளால் மாரிக்காற்றை ஓடவிட்டு அந்த ஊர் நிற்கிறது. ஊருக்கு இங்கிலீசில் வேறு பேர் இருக்கிறது. காகம் மலிந்த ஊர் என்பதால் அங்கே போய்ச் சேர்ந்த ஐந்து தமிழ்க் குடும்பமும் காகத்துறை, காகத்துறை என்று சொல்லிச் சொல்லி, இப்போது தபால்காரனுக்கும் அந்தப் பேர் விளங்கும்.

இந்த ஊர் ஆசுபத்திரிக் குசினியில் சமைத்தவள் தவமலர். அவளுடைய மனுசன் கருணைநாதன் வீடுவீடாகத் தண்ணீர் கொடுக்கிற லொறியை ஓட்டினார். கலியாணம் கட்டின நாள் தொட்டுப் பதினொரு இடம் மாறினவர்கள் அவர்கள். மூன்று வீட்டைச் செல்லடிக்கு விட்டுவிட்டு ஓடினார்கள், இரண்டு அகதி முகாம், மிச்சமெல்லாம் ரொறன்ரோவில் யார் யாருடையதோ வீட்டு நிலவறைகள். பச்சைத் தகரக் கூரையும் மூன்று யன்னலும் உள்ள இந்த வீடு பன்னிரண்டாவது, தங்கள் பேரில் எழுதின முதலாவது. சாவியைக் கையில் வாங்கின அன்றைக்குத் தவமலர் சுவரைத் தடவித் தடவி அழுதாள். "இனி எழும்பிப் போ எண்டு சொல்ல ஒருத்தரும் இல்லையப்பா," என்றாள்.

வீட்டில் ஒரேயொரு குறை. நாற்பது பாகைக் குளிர் அடியால் ஓடினால் குசினி நிலம் என்னத்துக்கு ஆகும்? தோசைக்கு அரைத்து வைத்த மா மூன்று நாளானாலும் அசையாமல் கிடந்தது. கம்பளியால் சுற்றினாள், ஹீற்றருக்குப் பக்கத்தில் வைத்தாள், ஒரு தரம் புருசனும் பெண்சாதியும் சட்டியைக் கட்டிலில் நடுவே கிடத்திவிட்டுக் கூடப் படுத்தார்கள், மா மசியவில்லை. கடைசியில் கருணைநாதன் ஒரு ஐப்பசி மாதம் வீட்டுக்கு அடியில் தவழ்ந்து போய், அரிசிச் சாக்குகளில் மரத்தூள் நிரப்பி அடுக்கி, பழைய மெத்தையைச் செருகி, பலகை அடித்து, காற்று போகிற வழியை முழுக்க அடைத்துவிட்டு வந்தார். தோசைக்காக வீட்டின் அடிவயிற்றை அடைக்கிறதென்றால் அது எங்கள் சனத்தால்தான் முடியும்! குசினி நிலம் வெதுவெதுவென்று வந்தது. மா மூடியைத் தள்ளிக்கொண்டு பொங்கியது. ஒரு மாரி முழுக்க வெள்ளிக்கிழமை தோறும் தோசையும் சம்பலும்தான்.

அடுத்த மாரியில், மாசி மாதத்துக் காலையொன்றில், தவமலர் மூடியைத் திறந்தால் மா சரிந்து நிற்கிறது. மேடும் பள்ளமுமாக இல்லை. கத்தியால் வெட்டின மாதிரி ஒரே சீராக, கதவுப் பக்கம் உயர்ந்து யன்னல் பக்கம் இரண்டு விரற்கடை தாழ்ந்து நின்றது. சட்டியைத் திருப்பி வைத்தாள். ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கிற நேரத்துக்குள் மா மெல்ல நகர்ந்து பழையபடி யன்னல் பக்கமே சரிந்தது. நிலத்தில் ஒரு தேசிக்காயை, எலுமிச்சங்காயைத்தான், வைத்துப் பார்த்தாள். தேசிக்காய் உருளாமல் வைத்த இடத்திலேயே இருந்தது.

"இஞ்சாருங்கோ, ஒருக்கா வந்து பாருங்கோ. மா சரிஞ்சுபோய் நிக்குது."

கருணைநாதன் குனிந்து பார்த்தார். "உழுந்து கூடிப்போச்சுதோ?"

"உழுந்து கூடினா மா ஏனப்பா யன்னலைப் பாக்குது?"

"அதுவும் சரிதான். எதுக்கும் சுடும், பாப்பம்," என்றார். சுட்டார்கள். தோசை நல்லாய்த்தான் இருந்தது.

மூன்று கிழமை போக யன்னல் பூட்டுப்படவில்லை. இப்போது தேசிக்காயை வைத்தால் அது கடகடவென்று ஓடி யன்னலடிச் சுவரில் முட்டியது. கருணைநாதன் அளந்து பார்த்தார், வீடு அந்தப் பக்கம் சரியாக இரண்டு விரற்கடை தாழ்ந்திருந்தது. மா முந்திச் சொன்னதை வீடு பிந்திச் செய்திருக்கிறது, அவ்வளவுதான். அடியை அடைத்ததால்தான் மண் உருகுகிறது என்பதும் இரண்டு பேருக்கும் அந்த நிமிசமே விளங்கிவிட்டது. கருணைநாதன் கீழே போய் மூட்டைகளை இழுத்துப் பார்த்தார். அவை சேற்றில் ஊறி, ஓரத்தில் உறைந்து, ஒரு ஆள் இழுத்து வருகிற நிலையில் இல்லை. ஆளைக் கூப்பிட்டால் ஊருக்குத் தெரியும். ஊருக்குத் தெரிந்தால் மஞ்சள் கடதாசி. மஞ்சள் கடதாசி என்பது குடியிருக்கக் கூடாத வீட்டின் கதவில் நகரசபை ஒட்டுகிறது. போன வருசம் பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டுக்கு ஒட்டி, இரண்டே நாளில் அந்தச் சனம் சாமான்களோடு வெளியே நின்றதைத் தவமலர் கண்ணால் கண்டவள். அவள் யன்னலுக்குத் துணி அடைத்தாள், மேசைக் காலுக்குப் பலகை வைத்தாள், வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள்.

அந்தப் பங்குனியில்தான் செண்பகராமன் என்கிற பொறியியலாளன் வந்து இறங்கினான். அம்பாசமுத்திரத்துப் பிள்ளை. ஆயுசில் பனியே காணாத ஊரில் பிறந்துவிட்டுப் பனிமண்ணைப் படித்தவன். சூடான கட்டடங்களுக்குக் கீழே உறைமண் எந்த வருசம் உருகும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்கிறது அவனுடைய வேலை. கட்டடத்தின் ஓரத்தில் முப்பதடிக்குத் துளை போட்டு, முழத்துக்கு ஒரு வெப்பமானி கட்டின வயரை உள்ளே இறக்கி, அது சொல்லுகிற சூட்டையெல்லாம் கம்ப்யூட்டரில் போட்டு அவன் கணக்குப் பார்த்தான். ஆசுபத்திரிக் குசினியில் சாப்பிட வந்தவன் தமிழ்க்குரல் கேட்டதும் கரண்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றுவிட்டான்.

"தம்பி, இந்த ஆசுபத்திரி எத்தினை வருசம் நிக்கும்?" என்று தவமலர் கேட்டாள்.

"பதினாலு வருசத்துக்கு அசையாதுக்கா. கணக்கு போட்டுப் பாத்துட்டேன்லா," என்றான். "அதை விடுங்க. தோசை சுடுவீகளா? பாத்து ஏழு மாசமாச்சு."

பாவம் பிள்ளை என்று அவள் வீட்டில் மா அரைத்துக் கொண்டுவந்து, ஆசுபத்திரிக் குசினியில் கொதிகலனுக்குப் பக்கத்தில் பொங்க வைத்துவிட்டுப் போனாள். மறுநாள் காலை வந்து மூடியைத் திறந்தாள். மா ஆறு விரற்கடை சரிந்து, சட்டியின் விளிம்பால் வழிந்து நின்றது. சரிந்த பக்கம் பிள்ளைப்பேற்று அறை.

பின்வாசலில் கருணைநாதன் லொறிக்குழாயை மாட்டித் தண்ணீர் இறக்கிக்கொண்டு நின்றார். அவள் மேற்சட்டையும் போடாமல் ஓடினாள்.

"சொன்னா, உனக்கெப்பிடித் தெரியும் எண்டு கேப்பினம். பேந்து எங்கட வீட்டுக்கடியில வந்து பாப்பினமப்பா. எங்கட வீடு போயிடும்."

கருணைநாதன் தண்ணீரை நிற்பாட்டினார். "அந்த அறையில இப்ப ஆர் இருக்கினம்?"

"ரெண்டு பிள்ளைத்தாச்சியள்."

"அப்ப என்னெண்டு சொல்லாமல் இருக்கிறது? போய்ச் சொல்லும்."

தன் வீட்டைப் பற்றி மூச்சு விடாமல் ஆசுபத்திரி மாவைப் பற்றி மட்டும் அவள் சொன்னாள். செண்பகராமன் சிரிக்கவில்லை. சட்டியைத் தூக்கிக்கொண்டு தன் வாடகை அறைக்குப் போனான்; அங்கே மா மட்டமாக நின்றது. திருப்பிக் கொண்டுவந்தான், சரிந்தது. தலைமைத் தாதி மேரி, அந்த மண்ணுக்கே உரிய சனத்தைச் சேர்ந்தவள், எட்டிப் பார்த்துவிட்டு, இங்கிலீசில், "எங்கட ஆக்கள் இந்த நிலத்தில சூட்டுக்கட்டடம் கட்டாமல் எவ்வளவோ காலம் இருந்தவை. நிலம் இப்ப முறையிடுது போல. ஆரின்ர பாத்திரத்தில முறையிட்டால் என்ன," என்று சொல்லி, பிள்ளைத்தாச்சிகளின் கட்டில் சில்லுகளின் பூட்டைத் தட்டிவிட்டு வெளியே உருட்டப் போனாள்.

"நான் படிச்ச பாடத்துல இது இல்லக்கா. ஆனா கண்ணால பாத்துட்டேன்லா," என்றுவிட்டுச் செண்பகராமன் கட்டடத்துக்கு அடியில் தவழ்ந்து போனான். உடைந்த கட்டில்களும் மருந்துப் பெட்டிகளுமாக அங்கே காற்று போக வழியில்லாமல் அடுக்கிக் கிடந்தது; நடுவில் வெந்நீர்க் குழாய் ஒன்று மாதக்கணக்காகச் சொட்டிக்கொண்டிருந்தது. வயர் இறக்கின ஓரம் இறுகிக் கிடக்க, அறைக்கு நேர் கீழே அவன் ஊன்றின தடி முழங்கை மட்டும் இறங்கியது. வெளியே வந்தவன் சேறும் பனியுமாகப் படியில் குந்திவிட்டான்.

"வரைபடத்துல அடி திறந்து கிடக்குக்கா. நான் வரைபடத்தை நம்பினேன். குனிஞ்சு ஒரு தடவை பாக்கல," என்றான். அவனுக்குக் கண் கலங்கியிருந்தது.

நோயாளிகளையும் கட்டில்களையும் பள்ளிக்கூட நூலகத்துக்கு மாற்றின நாலாம் நாள், மத்தியானம் ஒரு மணிக்கு, ஆசுபத்திரியின் அந்த மூலை ஒரு பெருமூச்சு விட்டமாதிரிக் கீழே இறங்கியது. பிள்ளைப்பேற்று அறையின் நிலம் குறுக்கே வெடித்து வாய் பிளந்தது. உள்ளே ஒரு குஞ்சும் இல்லை. அதே மத்தியானம் நூலகத்தில், உலகப்பட அலுமாரிக்குப் பக்கத்தில், ஒரு பெண்பிள்ளை பிறந்தது. தாய்க்காரி பிள்ளையின் நடுப்பேராகத் தவா என்று எழுதுவித்தாள்.

அதற்குப் பிறகு ஊர் என்ன செய்தது என்று கேளுங்கோ. மா ஏன் சரிகிறது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. எங்கே உழுந்து வாங்கலாம் என்றுதான் கேட்டார்கள். கடைக்காரன் பாணும் பாலும் வருகிற விமானத்தில் உழுந்து மூட்டையும் இறக்கினான். வீட்டுக்கு வீடு கொதிகலன் அலுமாரிக்கு மேலே ஒரு வாளி மா ஏறியது. தேவாலயத்தில் பாதிரியார் பீடத்துக்குப் பக்கத்தில் ஒன்று வைத்துப் பிரசங்கத்துக்கு முதல் மூடியைத் திறந்து பார்த்தார். நகரசபைப் பத்திரத்தில் "மா எந்தப் பக்கம், எத்தனை விரல்" என்று புதிதாக ஒரு வரி சேர்ந்தது. பொங்காத மா பேசாது, பொங்கின மா ஒரு தேத்தண்ணி நேரத்துக்குள் பேசும், பேசின மாவை வீசக்கூடாது, சுட்டுத் தின்னவேணும் என்கிற சட்டமெல்லாம் தானாக உண்டானது. கரிபு மான் இறைச்சியை வைத்துத் தோசை மடிக்கிற பழக்கம் அப்படித்தான் வந்தது, தின்று பார்த்தவர்கள் குறை சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைகளில் தண்ணி லொறியை மறித்து, "கருணா, எங்கட மா ஒரு விரல் வடக்கால சரிஞ்சு கிடக்கு, உப்புக் காணாதோ?" என்று கேட்பார்கள், "உப்பில்லை, உங்கட பனிச்சறுக்கு வண்டியை வீட்டுக்கடியிலயிருந்து வெளியில எடுங்கோ," என்று அவர் சொல்லுவார். செண்பகராமன் தன் வயர் சொல்லுகிற கணக்கையும் மா சொல்லுகிற பக்கத்தையும் ஒன்றாக வைத்து, பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பெரிய அட்டவணை எழுதினான். இருநூற்றுப் பதினாறு கட்டடம், கிழமைக்கு ஒரு எண். ஆவணிக்குள் ஊரில் முக்கால்வாசி வீட்டின் அடி துப்புரவாகி, உள்ளே காற்று ஓடியது.

அந்த அட்டவணையில் பச்சைக் கூரை வீட்டுக்கு நேரே கிழமை தோறும் பூச்சியம் இருந்தது. அதைத் தன் கையால் எழுதினவள் தவமலர்.

பாருங்கோ, சனம் அவளைத் தெருவில் கண்டால் கையைப் பிடித்து நன்றி சொன்னது. கதவடியில் மீனும் புதரில் பொறுக்கின பெரிப்பழமும் வைத்துவிட்டுப் போனது. குழந்தை தவாவை அவளுடைய மடியில் கிடத்திவிட்டுத் தாய்க்காரி படம் எடுத்தாள். ஒவ்வொரு நன்றியும் அவளுக்கு முள்ளாகக் குத்தியது. வீட்டில் மா மூன்று விரல் சரிந்து நின்றது, பிறகு ஐந்து. கதவும் இறுகத் தொடங்கிவிட்டது. "ஊருக்கெல்லாம் சொன்ன மாவுக்கு நான் பொய் எழுதுறன்," என்று ஒருநாள் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்று விம்மினாள். கருணைநாதன் அடுப்பை அணைத்துவிட்டு அவளைக் கதிரையில் இருத்தினார்.

"பதினொரு இடம் விட்டிட்டு வந்தனாங்கள். அங்கையெல்லாம் ஒருத்தரும் எங்களுக்கு முன்கூட்டிச் சொல்லேல்லை," என்றார். "இது ஒண்டுதான் சொல்லிப்போட்டு விழுகுது. மரியாதையான வீடு. நாங்களும் மரியாதையாப் போய்ச் சொல்லுவம்."

புரட்டாசிக் கடைசியில் பள்ளிக்கூடத்தில் ஊர்க்கூட்டம். மாரிக்கு முதல் எந்த வீட்டுக்கு மஞ்சள் கடதாசி ஒட்டுகிறதென்று முடிவெடுக்கிற கூட்டம் அது. தவமலர் எழும்பி நேரே சுவரடிக்குப் போனாள், பச்சைக் கூரை வீட்டுக்கு நேரே இருந்த பூச்சியத்தை வெட்டினாள், அதற்கு மேலே ஐந்து என்று எழுதினாள். பிறகு சனத்தைப் பார்த்துத் திரும்பி, தன் உடைசல் இங்கிலீசில், தோசைக்காக அடியை அடைத்ததையும் பயத்தில் மறைத்ததையும் ஒன்றும் விடாமல் சொன்னாள். "எங்களுக்கு ஒட்டுங்கோ. நான் சாமானெல்லாம் கட்டி வைச்சிட்டன்," என்று முடித்தாள்.

மேரிதான் முதலில் வாய் திறந்தாள். "நீ அந்த மெத்தையை அடைக்காமல் விட்டிருந்தால் எங்களுக்கு இந்த மாவும் இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை," என்றாள். "ஆரிட்டை மண்வெட்டி இருக்கு?"

மறுநாள் காலை பச்சைக் கூரை வீட்டைச் சுற்றி நாற்பது பேர். கடைக்காரன் வந்தான், பாதிரியார் வந்தார், போன வருசம் மஞ்சள் கடதாசி ஒட்டப்பட்ட வீட்டுச் சனமும் வந்தது. கயிறு கட்டி மூட்டை மூட்டையாக இழுத்தார்கள். கடைசியாக மெத்தை சேறு சொட்டச் சொட்ட வெளியே வந்தபோது எல்லோரும் கைதட்டினார்கள், கருணைநாதன் வெட்கத்தில் தொப்பியைக் கண்ணுக்கு மேல் இழுத்துவிட்டார். செண்பகராமன் மூலைகளுக்கு ஜாக்கி கொடுத்து வீட்டை மட்டத்துக்கு உயர்த்தினான்.

"அக்கா, வீட்டை நிமித்தியாச்சு. மண்ணு திரும்ப உறையணும், அதை என்னால செய்ய முடியாது, குளிர்தான் செய்யணும்," என்றான். "இந்த ஒரு மாரிக்குச் சூட்டைக் குறைச்சு வைங்க. உறைஞ்சா வீடு உங்களுக்கு. உறையலைன்னா சித்திரையில கடதாசியை நானே ஒட்டணும்."

"கணக்கு என்ன சொல்லுது தம்பி?"

"பாதிக்குப் பாதிக்கா."

அந்த மாரியை அவர்கள் மேற்சட்டையோடு இருந்து, மேற்சட்டையோடு தின்று, மேற்சட்டையோடு உறங்கிக் கழித்தார்கள். வீட்டுக்கடியால் காற்று ஊளையிட்டு ஓடுகிற சத்தம் கேட்கும்போதெல்லாம் தவமலர், "ஓடு ராசா, நல்லா ஓடு," என்று சொல்லுவாள். வாழ்நாள் முழுக்கக் குளிரைத் திட்டினவள் குளிருக்கு நன்றி சொல்லப் பழகினாள். வெள்ளி தோறும் மா அரைத்து வைத்தாள். அது பொங்கவில்லை. பொங்காத மா பேசாதல்லவா, அதனால் வீடு நிற்குமா போகுமா என்று சொல்ல அந்த ஊரிலேயே அந்த ஒரு வீட்டில்தான் வழியில்லாமல் இருந்தது. கட்டின சாமானை அவள் அவிழ்க்கவில்லை.

மாசி மாதம் ஒரு வெள்ளிக்கிழமைக் காலை கதவு தட்டப்பட்டது. திறந்தால் மேரி, கையில் வாளி, வாளியைச் சுற்றிக் கம்பளி. அவளுக்குப் பின்னால் கடைக்காரன், பாதிரியார், செண்பகராமன், குழந்தை தவாவை முதுகில் கட்டின தாய்க்காரி, இன்னும் இரண்டு பேர். ஏழு வாளி.

"உன்ர வீட்டு மா பொங்காது எண்டு கருணா சொன்னவர்," என்றாள் மேரி. "எங்கட வீட்டில பொங்கினதைக் கொண்டுவந்தம்."

ஏழு வாளியையும் குசினி நிலத்தில் வரிசையாக வைத்து மூடிகளைத் திறந்தார்கள். தவமலருக்குப் பார்க்கத் தைரியமில்லை. தேத்தண்ணி ஊற்றுகிற சாட்டில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றாள். கோப்பைகள் கைமாறின. ஊதிக் குடிக்கிற சத்தம் கேட்டது. குடித்து முடித்த கோப்பைகள் ஒவ்வொன்றாக மேசைக்கு வந்தன. கடைசிக் கோப்பையை வைத்தவர் கருணைநாதன்.

"இஞ்சாரும்," என்றார். "திரும்பிப் பாரும்."

ஏழு வாளி மாவும் விளிம்பு வரைக்கும் பொங்கி, ஒரு விரல், அரை விரல், ஒரு நூல் கூடச் சரியாமல், மட்டமாக நின்றன. தவமலர் அந்தக் குளிர்ந்த நிலத்தில் அப்படியே குந்தி, இரண்டு உள்ளங்கையையும் நிலத்தில் ஊன்றி, அழுது ஓயும் மட்டும் அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு எழும்பி, கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்துத் தோசைக்கல்லை வெளியே எடுத்தாள்.